தோல் நிலம் – 17: பச்சைத்தோல் போடும் சத்தம்

ஆம்பூர் தோல் ஷாப்புகளில் டிரம்மைத் திறந்து இறக்கும் தோல் வெளிர்நீலமாக இருக்கும். குரோம் உப்பு ஏறிய நிறம் அது. தொழிலில் ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அதை எவ்வளவு தட்டினாலும் சத்தம் வராது. ஷூவுக்கு அப்படித்தான் வேண்டும்: மடங்க வேண்டும், வெடிக்கக் கூடாது, நனைந்தால் அழுகக் கூடாது. பறைக்கான தோல் இந்தப் பக்கமே வருவதில்லை. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கியதோடு சரி. பதம் போடாத கன்றுத்தோலை வேப்பஞ் சட்டத்தில் இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வெயிலில் காயவிடுவார்கள். பதனிட்ட தோல் கப்பலேறுகிறது. பதனிடாத தோல் எழவு வீட்டு வாசலுக்குப் போகிறது.

அந்த இரண்டாவது தோல், எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் வந்து நின்ற கதைதான் இந்த வாரம்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அன்று முதன்முதலாக மேடையேறியது. 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடும் இளைஞர்கள், பறை, சட்டி, கட்டமோளம். இவற்றோடு கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு. பெயர் அயோத்திதாச பண்டிதரிடமிருந்து வந்தது. சாதியற்ற தமிழர் என்று நூறாண்டுக்கு முன்பே பேசியவர் அவர். இசைக்குழுவின் முதல் தொகுப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்று பெயர் வைத்தார்கள். ‘கபாலி’யில் ரஜினி சொன்னதேதான்.

இதற்கும் தோல் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த மேடையில் நின்றவர்களில் ராப் பாடும் அறிவு அரக்கோணத்துக்காரர். 2019இல் வேலூரைப் பிரித்து இராணிப்பேட்டை மாவட்டத்தை உண்டாக்கும் வரை அரக்கோணமும் ஆம்பூரைப் போல வேலூர் மாவட்டம்தான். ஆனால் ஊர்ப்பெருமைக்காக இதை எழுதவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வாத்தியம்.

கிட்டாரின் சுதியைச் சாவி திருகிச் சேர்த்துவிடலாம். பறையின் சுதி நெருப்பில் இருக்கிறது. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டித் திருப்பி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘டங்’ என்று தெறித்தால் தயார். பனி இறங்கினால் பத்தே நிமிடத்தில் தொய்ந்துவிடும். மறுபடி நெருப்புக்குப் போக வேண்டும். மேல்நாட்டு டிரம்ஸும் ஒரு காலத்தில் இதே பாட்டைப் பட்டதுதான். 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் முகம் வரும் வரை அதற்கும் கன்றுத்தோலே. இன்று பறையிலேயே ஃபைபர் முகம் வந்துவிட்டது. வசதிதான். சுண்டுகுச்சியின் சிணுங்கல் அதில் தட்டையாகிவிடுகிறது என்பது என் காது சொல்வது.

ராக் குழுவில் நாட்டு வாத்தியத்தைச் சேர்ப்பது புதிதல்ல. பெரும்பாலும் அதை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைப்பார்கள்: பாட்டு நடுவே எட்டு மாத்திரை அடித்துவிட்டுப் பறை ஒதுங்கிக்கொள்ளும். ‘மகிழ்ச்சி’யின் நல்ல பாட்டுகளில் இது தலைகீழ். அடி முதலில் விழுகிறது, கிட்டார் அதன் பின்னால் ஓடிவருகிறது. சாவுக்கூத்தின் நடையிலேயே இடஒதுக்கீட்டைப் பற்றி வாதாட முடிகிறது, சிரிக்கவும் முடிகிறது. இசைவாணியின் குரல் வந்ததும் கானா ஆண்களின் சொத்து என்ற நினைப்பும் கழன்றுவிடுகிறது. கிட்டார் முன்னால் வந்து வழிகாட்டும் இடங்களில்தான் பாட்டு ஏற்கெனவே கேட்டதுபோல் ஆகிவிடுகிறது. மேடையில் 19 பேரின் மூச்சு கேட்டது. ஸ்டூடியோவில் அதைக் கொஞ்சம் அதிகமாகவே இஸ்திரி போட்டுவிட்டார்கள். முதல் தொகுப்புக்கு இது மன்னிக்கக்கூடிய குறை.

குழு மாட்டுக்கறியைப் பற்றியும் பாடியது. சென்னை மேடையில் அது துணிச்சல். ஆம்பூரில் அது மத்தியானச் சாப்பாடு. ஆனாலும் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றாகி, எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். தோல் ஏற்றுமதியாகலாம், கறி மட்டும் விழாப் பந்தலுக்குள் வரக்கூடாது!

அறிவு 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைத் தந்தார். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஓடியது. அதற்கு மூலம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. ஒரு பாட்டியின் கதை இவ்வளவு தூரம் போகுமென்றால், பாலாற்றங்கரைக் கதைகளும் போகும். ‘மகிழ்ச்சி’யின் நிலம் வடசென்னை. விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும் ஆம்பூர்ப் பெண்களும், 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து செத்த 10 தொழிலாளர்களும் பாட்டாக வேண்டியவர்கள்.

வாணியம்பாடிக்கும் மேல்விஷாரத்துக்கும் நடுவே வாடகை கிட்டாரும் பறையுமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். செல்போனில் பதிந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். கேட்டுவிட்டு இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

(தொடரும்)