எமர்ஜென்சியில் இருந்து டிஸ்சார்ஜா? நர்ஸிடம் இதைக் கேட்காமல் கிளம்பாதீங்க!

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ஒருவர் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபடுகிறது என வைத்துக்கொள்வோம். ஸ்கேன் நார்மல். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார் எமர்ஜென்சி டாக்டர். அத்தோடு முடிந்ததா? இல்லை.

கிளம்பும் முன் நர்ஸிடம் கேட்க வேண்டியவை: எந்த மாத்திரை, எத்தனை வேளை? மறுபடி எப்போது வரணும்? என்ன அறிகுறி வந்தால் உடனே வரணும்?

தலையில் அடி என்றால் முதல் 24 மணி நேரம் கூடவே ஒருவர் இருக்கணும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு - இதில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்க.

நர்ஸ் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்க. தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். இரவு பக்கத்தில் இருக்கப்போகிறவரும் அதைக் கேட்டிருக்கணும். வீட்டுக்கு வந்தபின் சின்னச் சந்தேகம் என்றால், தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கு.