மாமியாரின் மாத்திரை டப்பா

"பரீட்சை பிள்ளைக்கா, உனக்கா?" என்று எங்கள் காம்பவுண்டில் கேட்காதவர்கள் பாக்கி இல்லை. இரண்டு பேருக்கும்தான்! அவனுக்கு யு.கே.ஜி., எனக்கு ஜீபேட்.

ஜீபேட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பி.பார்ம் படித்தவர்கள் எம்.பார்ம் சேருவதற்காக எழுதும் அகில இந்தியத் தேர்வு அது. 2010ல் ஆரம்பித்தார்கள். மூன்று மணி நேரத்தில் 125 கேள்விகள், 500 மார்க். சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 மார்க் பிடித்துக் கொள்வார்கள். வயது வரம்பு கிடையாது. தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித் தொகை. யாரிடமும் கை நீட்டாமல் படிக்கலாமே என்ற ஆசைதான் என்னை இழுத்தது.

2019ல் முதல் முறை எழுதிக் கோட்டை விட்டேன். மற்ற பாடங்கள் ஏதோ பரவாயில்லை. காலை வாரி விட்டது மருந்தியல்தான். உழைக்காமல் இல்லை. சமையலறைச் சுவர் முழுக்க சார்ட் ஒட்டி, புளி கரைக்கும் போதும் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் போதும் மருந்து, பக்கவிளைவு என்று முணுமுணுத்துக் கொண்டே இருப்பேன். திரிபாதி எழுதிய தடிமனான மருந்தியல் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் போட்டு, கடைசியில் கோடு போடாத வரியைத் தேட வேண்டியதாகி விட்டது!

அந்த வருஷம் அத்தைக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் இருமல் பிடித்துக் கொண்டது. சளி கிடையாது, ஜுரம் கிடையாது. ராத்திரியெல்லாம் கொக்கு கொக்கென்று வறட்டு இருமல். பாவம், தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஆடாதோடைக் கஷாயம், மிளகுப் பால், பனங்கற்கண்டு என்று இரண்டு மாதம் கைவைத்தியம் செய்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் மாதாந்திர மாத்திரை வாங்க நானே போனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எனலாப்ரில்! தூக்கிவாரிப் போட்டது. என் சமையலறை சார்ட்டில் மூன்றாவது வரியே 'எனலாப்ரில் - வறட்டு இருமல்' என்பதுதான். அந்த வரிக்குக் கீழே நின்றுதான் இரண்டு மாதமாகக் கஷாயம் காய்ச்சியிருக்கிறேன்.

"அப்போ இந்த மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றார் அத்தை.

"ஐயையோ, டாக்டரைக் கேட்காம நிறுத்தக் கூடாது அத்தை" என்று மறுநாளே அழைத்துப் போனேன். டாக்டர் கேட்டு விட்டு லோசார்டானுக்கு மாற்றினார். மூன்றாவது வாரம் அத்தை படுத்துத் தூங்கினார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஏன் இருமல் வருகிறது என்று அன்றைக்குத்தான் முதன் முதலாகக் கேட்டுக் கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். ஏ.ஸி.ஈ. என்ற என்ஸைம் இரண்டு வேலை பார்க்கிறது. ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2ஐ உண்டாக்குகிறது. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கவும் செய்கிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குப்பையும் கொட்டுகிற அம்மாள் லீவு போட்டால் இரண்டும்தானே நிற்கும்? எனலாப்ரில் அந்த என்ஸைமுக்கு லீவு கொடுத்து விடுகிறது. ரத்த அழுத்தம் குறைகிறது, ஆனால் மூச்சுக் குழாயில் பிராடிகைனின் சேர்ந்து தொண்டை அரிக்கிறது. லோசார்டான் என்ஸைமைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக் கொள்கிறது. அதனால் அந்த இருமல் தொல்லை அபூர்வம்.

இந்த வகை மருந்துக்கு வழி காட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம். அந்த ஆராய்ச்சியில் பிறந்த காப்டோப்ரில் 1981ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாம்புக் கதை கேட்ட பிறகு மறக்குமா என்ன?

ஒரு 'ஏன்' கேட்டதில், இரண்டு மருந்திலும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏன் கவனிக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு இரண்டையும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் கோவையாக வந்தது. சார்ட்டைக் கிழித்தேன். அத்தையின் மாத்திரை டப்பாவே பாடப் புத்தகமாயிற்று. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, அதனால் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி விடும். மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரை உண்டாக்குவதைக் குறைக்கிறது, தனியாகக் கொடுத்தால் அந்தப் பயம் குறைவு. பக்கத்து வீட்டு மாமாவின் கணுக்கால் வீக்கம் எனக்கு ஆம்லோடிபின் பாடம். (மாமாவுக்கு நான் காலையே பார்ப்பது பிடிக்கவில்லை!)

பெயரின் வாலைப் பிடித்து மருந்தை அடையாளம் காண்பது நல்ல வழிதான், ஆனால் ஏமாற்றவும் செய்யும். 'ஸ்டாடின்' என்றால் கொழுப்பைக் குறைப்பது, ஆனால் நிஸ்டாடின் பூஞ்சைக்கு. பான்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிபிபிரசோல் மனநோய்க்கு. நான் இரண்டிலும் ஏமாந்தவள்.

கணக்குக்கு மாடித் தொட்டி உதவியது. ஒரு பக்கம் தண்ணீர் வடிய, மறு பக்கம் ஊற்றிக் கொண்டே இருந்தால் மட்டம் ஓரிடத்தில் நிற்கும் அல்லவா? வேளை தவறாமல் கொடுக்கும் மருந்தும் நாலைந்து அரை ஆயுளில் அப்படி நிலைக்கு வரும். அரை ஆயுள் ஆறு மணி என்றால் 24 முதல் 30 மணி நேரம்.

விடியற்காலை நாலரை முதல் ஆறு வரை புதுப் பாடம். ராத்திரி, பால் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில் நானே பத்துக் கேள்வி எழுதி, புத்தகத்தை மூடி வைத்து விட்டுப் பதில் சொல்வேன். திரும்பத் திரும்பப் படிப்பதை விட இதில்தான் பாடம் நின்றது. தப்பானவற்றை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி கேட்டுக் கொள்வேன். பால்காரருக்கு ஒரு மாதம் இரண்டு தரம் பணம் கொடுத்தது தனிக் கதை.

2020ல் தேறினேன், எம்.பார்மும் சேர்ந்தேன். தேர்வை நடத்துகிறவர்கள் மாறிக் கொண்டு வருகிறார்கள். நான் எழுதியபோது தேசியத் தேர்வு முகமை, 2024லிருந்து மருத்துவ அறிவியல்களுக்கான தேசியத் தேர்வு வாரியம். அதனால் எழுத நினைப்பவர்கள் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்து விட்டே விண்ணப்பியுங்கள்.

அத்தை இப்போதெல்லாம் புது மாத்திரை எது வந்தாலும் என்னிடம் நீட்டி, "ஏம்மா, இது உள்ளே போய் என்ன பண்ணும்?" என்கிறார். தெரியாவிட்டால் பாதியில் அடுப்பை அணைத்து விட்டுப் புத்தகத்தை எடுக்கிறேன்.