மெலியும்போது கரைவது எது?

கல்யாண வீடுகளில் இப்போது மெலிவதற்கான ஊசியைப் பற்றிய பேச்சும் அடிபடுகிறது. "எத்தனை கிலோ குறைந்தது?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. குறைந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. உயிரியல் படிப்பவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

செமக்ளூட்டைட் இவ்வகை மருந்துகளில் ஒன்று. முதலில் நீரிழிவுக்காக வந்தது. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜீஎல்பி-1 என்ற ஓமோனைப் போலத் தொழிற்பட்டு, பசியை அடக்குகிறது. 2021இல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்வில் 1961 பேர் கலந்துகொண்டனர். வாரம் ஓர் ஊசி வீதம் 68 வாரங்கள் இம்மருந்தைப் பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மொத்தப் பேரில் 140 பேருக்கு விசேட கதிர்ப்படமும் எடுத்தார்கள். மருந்து பெற்றோரின் கொழுப்பு 19.3 சதவீதமும் கொழுப்பல்லாத பகுதி 9.7 சதவீதமும் குறைந்திருந்தன. கொழுப்பல்லாத பகுதி என்றால் முழுவதும் தசையல்ல. நீர், ஈரல் எல்லாம் அதில் அடங்கும். என்றாலும் தசையும் கரைகிறது. பட்டினி கிடந்து மெலிபவர்களுக்கும் இதே கதைதான்.

காரணம் எளிது. கொழுப்பைச் சேமிக்க உடலில் தனி இடம் உண்டு. புரதத்துக்கு அப்படியொரு களஞ்சியம் இல்லை. உணவு போதாதபோது உடல் தசையில்தான் கைவைக்கிறது. உணவுக்குப் பின் குருதியிலுள்ள குளுக்கோசைப் பெருமளவில் உள்ளெடுப்பதும் தசையே. ஆகவே சீனி வியாதி உள்ள ஒருவர் தசையை இழப்பது இரட்டை நட்டம். வயதான உம்மும்மாமாருக்கோ படியேறுவதும் தடுமாறாமல் நிற்பதும் அதில் தங்கியிருக்கின்றன. ஊசியை நிறுத்தியதும் எடை பெரும்பாலும் திரும்பி வரும். போன தசை அதே அளவில் வருமென்று நம்ப முடியாது.

மெலியும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும் என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 84 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. அப்படியானால் 14 முட்டை! பசியே இல்லாதவர் இதை எப்படிச் சாப்பிடுவார்? அதனால் பீங்கானில் சோற்றுக்கு முன் மீன், கோழி, முட்டை, பருப்பு, கௌபி, தயிர் என்பவற்றை முதலில் உண்ண வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உணவு மட்டும் போதாது. நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையைக் காக்கப் பாரம் வேண்டும். தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கலாம், சுவரில் கையூன்றித் தள்ளலாம். வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும். வீட்டு வேலையே போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரம் சிறிது சிறிதாகக் கூடினால்தான் தசை பலப்படும்.

எங்கள் வயதுப் பிள்ளைகள் அழகுக்காக, வைத்தியர் எழுதித் தராமல், இந்த ஊசியை நினைக்கவே கூடாது. எங்கள் என்பும் தசையும் இன்னும் வளர்கின்றன.

வீட்டில் யாராவது இம்மருந்தைப் பாவித்தால், எடை பார்க்கும் நாளில் இன்னொன்றையும் பாருங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து 30 செக்கனில் எத்தனை தடவை எழும்ப முடிகிறது என்று எண்ணிக் கொப்பியில் குறியுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே போனால், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்.