பெருங்குடற் புற்றும் குறிநோக்கு மருந்துகளும்

மச்சாவதாரப் பெருமாள் எழுந்தருளியுள்ள நாகலாபுரத்தில் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்தால், குடும்பத்தார் தென்கிழக்கே சென்னைக்கோ வடமேற்கே திருப்பதிக்கோ பேருந்து ஏற வேண்டும். சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. திருப்பதியில் 2022இல் ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. வெளிமாநிலத்தில் பணிபுரியும் மக்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, “புது மருந்து கொடுக்கிறார்களா?” என்பதே. அம்மருந்துகள் எத்தகையன என்று பார்ப்போம்.

பழைய வேதிமருந்துகள் விரைந்து பிளவுபடும் உயிரணு எதுவாயினும் தாக்குவன. குறிநோக்கு மருந்துகளோ, புற்று தன் வளர்ச்சிக்கு நம்பியிருக்கும் ஒரு புரதத்தை நாடிச் செல்வன. அமெரிக்காவில் 2004இல் ஒப்புதல் பெற்ற பெவாசிசுமாப், புற்றுக்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது. அதே ஆண்டில் வந்த செட்டுக்சிமாப், ‘வளர்க’ என்னும் கட்டளையை ஏற்கும் வாயிலை அடைக்கிறது.

வாயிலை அடைத்துப் பயன் என்ன, பகைவன் வீட்டினுள்ளேயே இருந்தால்? ‘ராஸ்’ எனப்படும் மரபணு பிறழ்ந்திருப்பின் கட்டளை உள்ளிருந்தே ஓயாது பிறக்கும், செட்டுக்சிமாப் பலிக்காது. பரவிய நோயுடையாருள் ஏறக்குறையப் பாதிப் பேரின் நிலை இதுவே. ஆகவே, மரபணுச் சோதனை செய்யாமல் இம்மருந்துக்கு நகையை அடகு வைப்பது வீண் என்பதே எம் கருத்து. புற்று பெருங்குடலின் வலப்புறத்தில் தோன்றியிருந்தாலும் இதன் பயன் குறைவே. ‘பிராஃப்’ என்னும் மரபணுவில் குறிப்பிட்டதொரு பிறழ்வு உள்ளவர்களுக்கு என்கோராஃபெனிபும் செட்டுக்சிமாபும் சேர்த்துத் தரும் முறை 2020இல் ஒப்புதல் பெற்றது. மரபணுப் பிழை திருத்தும் ஆற்றலை இழந்த புற்றுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் உண்டு. அத்தகையோர் மிகச் சிலரே.

நோய் பரவாதிருப்பின் அறுவையே தலையாய சிகிச்சை. அறுவைக்குப் பின் பெவாசிசுமாபோ செட்டுக்சிமாபோ சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் கூடுதல் நன்மை காணப்படவில்லை. பெவாசிசுமாப் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அரிதாகக் குடலில் துளையும் விழும். எனவே அறுவைக்கு நான்கு வாரமேனும் முன்னரே அதனை நிறுத்துவர். செட்டுக்சிமாபினால் முகத்திலும் மார்பிலும் பருக்கள் எழும். பெவாசிசுமாபுக்கு ஒப்பான மருந்தை 2016இல் ஐதராபாத்து நிறுவனமொன்றும், 2017இல் பெங்களூரின் பயோகானும் விற்பனைக்குக் கொணர்ந்தன. விலை இறங்கியது, ஆயினும் எளியோர்க்கு இன்னும் சுமைதான்.

மும்பையிலோ தில்லியிலோ சிகிச்சை தொடங்கி ஊர் திரும்புவோர், வெட்டியெடுத்த திசு பதிந்த மெழுகுக் கட்டியை மருத்துவமனையில் கேட்டு, அறிக்கையோடு பெற்றுவருக. பெரும்பாலும் மரபணுச் சோதனையை அதிலேயே செய்துகொள்ளலாம். நோயாளியை மீண்டும் வருத்த வேண்டியதில்லை.