அளவே பாதுகாப்பு!

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் சிறு பட்டறை நடத்தி வருகிறார். பின்னல் இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து தருவது அவரது தொழில். அண்மையில் அவரைச் சந்தித்தபோது தன் கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டு மேஜையில் அமர்ந்து, சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டா உறைகளைத் துடைத்து, மருந்தை நிரப்பி, புதிய குண்டைப் பொருத்திக் கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இதுல என்னங்க பெரிய வித்தை இருக்குது? நம்ம லேத்துல இதவிட நுணுக்கமான வேலையெல்லாம் பண்றோமுங்களே" என்றார் மாணவர். பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் சிறு தொழில்களுக்கும் இடமுண்டு என்று அடிக்கடி பேசப்படும் காலம் இது. அவர் கேட்டது விளையாட்டாக அல்ல. பொருளாதாரம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி உண்டா என்ற தயக்கம் இருந்தது. ஆனால், யோசிக்க யோசிக்க, அது பொருளாதாரக் கேள்வியாகவும் தெரிந்தது.

பனியன் தொழில் தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது. 24 கேஜ் இயந்திரம் என்றால் ஓர் அங்குலத்தில் 24 ஊசிகள். அதற்கு 30-ஆம் நம்பர் நூல் பொருந்தும். அதே இயந்திரத்தில் 10-ஆம் நம்பர் தடிமனான நூலை ஓட்டினால் ஊசி உடையும்; மிக மெல்லிய நூலை ஓட்டினால் துணி வலை போல் தொளதொளக்கும். ஊசிக்கும் நூலுக்கும் உள்ள இந்தப் பொருத்தமே, துப்பாக்கியில் குழாய்க்கும் குண்டுக்கும் மருந்துக்கும் இடையே தேவைப்படுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே தவறினால் வீணாவது ஒரு ரோல் துணி, அங்கே போவது கை விரல்களும் கண்களும்.

முதலில் குண்டின் அளவு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினர் பயன்படுத்திய பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழாய் 0.75 அங்குல விட்டமுடையது. அதில் இட்ட ஈயக் குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். போர்க்களத்தில் விரைவாக நிரப்ப வசதியாக வேண்டுமென்றே தளர்வாக வைத்தார்கள். விளைவு, மருந்தின் வாயு இடைவெளி வழியே வீணானது, குறியும் தவறியது. பின்னர் வந்த 1853-ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கியின் குழாய் 0.577 அங்குலம், உட்புறத்தில் சுருள் பள்ளங்கள் உண்டு. குண்டு குழாயை ஒட்டி இறங்க வேண்டியிருந்ததால், அதைச் சுற்றிய தாளில் கொழுப்புத் தடவப்பட்டது. அந்தக் கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயம் 1857-இல் எதில் போய் முடிந்தது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவார். அந்தப் பெருங்கிளர்ச்சிக்கு ஆழமான காரணங்கள் பல இருந்தன; ஆனால், தீப்பொறியாக வந்து விழுந்தது குண்டையும் குழாயையும் பொருத்தும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல்தான்.

இன்றைய கைத்துப்பாக்கியிலும் குழாயின் உட்புறம் சுருள் பள்ளங்கள் உள்ளன. குண்டு அவற்றில் இறுகப் பதிந்து சுழன்றவாறு வெளியேறினால்தான் நேராகச் செல்லும். உலகெங்கும் பரவலான 9 மி.மீ. லூகர் வகைத் தோட்டாவில் குண்டின் விட்டம் ஏறத்தாழ 9.01 மி.மீ. ரஷியாவின் மக்காரோவ் வகையும் '9 மி.மீ.' என்றே அழைக்கப்படுகிறது; ஆனால், அதன் குண்டு 9.27 மி.மீ. பெயர் ஒன்று, அளவு வேறு. இந்தக் கால் மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, குழாய்க்குத் தெரியும். குண்டு பெரிதானால் அழுத்தம் கட்டுமீறும். சிறிதானால் வாயு கசிந்து, குண்டு குறி தவறி அலையும்.

அடுத்தது மருந்து. புகையற்ற மருந்து துப்பாக்கிக்குள் வெடிப்பதில்லை, மிக வேகமாக எரிகிறது. மூடிய இடத்தில் அழுத்தம் கூடக் கூட எரியும் வேகமும் கூடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. இந்தச் சுழற்சியை அளவுக்குள் நிறுத்துவதுதான் கலை. கைத்துப்பாக்கியின் குழாய் குட்டையானது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் குண்டு வெளியேறிவிடும். எனவே, அதற்கு விரைவாக எரியும் மருந்து வேண்டும். நீண்ட குழாயுள்ள ரைஃபிளுக்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும். ஒன்றின் மருந்தை மற்றொன்றில் போட்டால் ஒன்று வீரியம் போதாது, அல்லது குழாயே பிளக்கும்.

9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம் கார் சக்கரத்தில் அடைக்கும் காற்று 35 பவுண்டுக்கு உட்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அந்த அழுத்தம் பிடிப்பவரின் உள்ளங்கைக்குச் சில அங்குல தூரத்தில் உருவாகிறது. குண்டைச் சற்று ஆழமாக அழுத்திவிட்டால்கூட உள்ளிருக்கும் இடம் குறைந்து அழுத்தம் எகிறும்.

இதில் வரலாறு தரும் பாடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் ஆழம் குறைந்த பள்ளங்கள் பழைய கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டவை. 1889-இல் உருவான 'கார்டைட்' என்ற புகையற்ற மருந்தை அதில் பயன்படுத்தியபோது, அதன் கடும் வெப்பம் பள்ளங்களை விரைவில் அரித்துவிட்டது. 1895-இல் குழாயின் பள்ளங்களை மாற்றி லீ-என்ஃபீல்டு ஆக்கினார்கள். அதுவும் போதவில்லை. கார்டைட்டில் 58 சதவீதமாக இருந்த நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்துப் புதிய கலவையை 1901-இல் கொண்டுவந்தார்கள். வீரியமான மருந்தில் கிடைத்த ஆதாயத்துக்கான விலையைக் குழாய் செலுத்திக் கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். ஓரிடத்தில் மிச்சம் பிடித்த செலவு வேறோரிடத்தில் கணக்கில் ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எங்கள் பாடநூல்களில் இல்லை.

அந்தக் கார்டைட் நமக்கு அந்நியமானதன்று. நீலகிரி மலை ரயிலில் சென்றவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். 1903-இல் அங்கு நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் உள்ளது. என் தாய்மாமன் அங்கு வேலை பார்த்தவர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, சாயப்பட்டறைத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு ஒருமுறை சொன்னார்: "சாயத்துல லாட் மாறுனா ஷேடு மாறுதில்ல சாமி? மருந்தும் அப்படித்தான். ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பாத்துத்தான் எடை எத்தனைன்னு முடிவு பண்ணோணும்." ஒரே பெயருள்ள மருந்தேயானாலும் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் எரியும் வேகம் சிறிது மாறும். அனுபவசாலியின் கைக்கணக்கு அங்கே செல்லாது. சோதித்து, எழுதி வைத்த எண்தான் செல்லும்.

மாணவரின் கேள்வி பொருளாதாரக் கேள்வியாவது இந்த இடத்தில்தான். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அறிஞர் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்று பின்னாளில் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் நல்ல சரக்கு ஒதுங்கி, மட்டமான சரக்கு நிலைக்கும் என்று அவர் காட்டினார். மூடிய தோட்டாவை விட இதற்குப் பொருத்தமான உதாரணம் உண்டா? கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் மருந்து உறையின் ஒரு பகுதியை மட்டுமே நிரப்பும். கவனக் குறைவால் இருமடங்கு போட்டாலும் வெளியிலிருந்து தெரியாது. மருந்தே போடாமல் விட்டாலும் தெரியாது. குண்டு குழாயின் நடுவில் சிக்கி நிற்க, அடுத்த குண்டு வந்து மோதுகையில்தான் தெரியும்.

எனவேதான் அறிவுள்ள தரநிர்ணயம் மனிதக் கவனத்தை மட்டும் நம்புவதில்லை. 0.38 ஸ்பெஷல், 0.357 மேக்னம் என்ற இரு ரிவால்வர் தோட்டாக்களின் குண்டு விட்டம் ஒன்றே. அழுத்தமோ முன்னதற்கு 17,000 பவுண்டு, பின்னதற்கு 35,000 பவுண்டு. 1935-இல் மேக்னத்தை அறிமுகப்படுத்தியவர்கள் அதன் உறையை ஏறத்தாழ 3 மி.மீ. நீளமாக்கினார்கள். பழைய 0.38 ரிவால்வரில் அது முழுவதுமாக நுழையாது. தவறு செய்ய நினைத்தாலும் செய்ய முடியாதபடி பாதுகாப்பை வடிவத்திலேயே வைத்துவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகைகளைவிட மேலானது இந்த 3 மி.மீ.

சட்டமும் இதே நோக்கில்தான் பேசுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுகள். ஆயுள் சிறை வரை நீளலாம். மலையோரக் கிராமங்களில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல் துறை அவ்வப்போது அறிவிப்பதைப் பார்க்கிறோம். அவை சட்டவிரோதமானவை என்பதோடு, கையில் கிடைத்த குழாய், கிடைத்த மருந்து, கிடைத்த ஈயம் என்று கூடியவை. வைத்திருப்பவருக்கே அவை ஆபத்து.

அப்படியானால் நம் சிறு பட்டறைகளுக்கு வழியே இல்லையா? உண்டு. பாதுகாப்புத் தளவாட உற்பத்தி 2001-இலேயே தனியாருக்குத் திறக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. தோட்டாவை வீட்டு மேஜையில் நிரப்புவது நம் வழியன்று. உரிமம் பெற்ற ஆலைகளுக்குத் துல்லியமான உதிரிபாகங்களை வழங்குவதே நம் வழி. அதற்குத் தடையாக இருப்பது இயந்திரமோ திறமையோ அல்ல. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்ற நம் பழக்கம். ஜாப் ஒர்க்கில் அது நம்மை வளர்த்தது உண்மை. ஆனால், சாயக் கழிவில் 'அட்ஜஸ்ட்' செய்ததன் விலையை நொய்யல் செலுத்தியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாமும் செலுத்தினோம்.

அந்த அனுபவத்திலேயே தீர்வும் இருக்கிறது. தனித்தனியாகச் சுத்திகரிக்க இயலாத பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கீழ் ஒன்றுகூடின. அதுபோல, மைக்ரான் அளவில் சரிபார்க்கும் அளவியல் கருவிகளையும் சோதனைப் பதிவுகளைப் பேணும் பணியாளரையும் கொண்ட பொது ஆய்வுக்கூடம் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் அமைய வேண்டும். தனியொரு பட்டறையால் தாங்க முடியாத அந்தச் செலவு, ஐம்பது பட்டறைகளுக்குப் பகிரப்பட்டால் சுமையாகாது. அரசு மானியம் இயந்திரத்துக்கு மட்டும் போதாது, அளவீட்டுக்கும் வேண்டும்.

மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், காணொலியை மூடிவிட்டு, "அப்படின்னா மொதல்ல மைக்ரோமீட்டரச் சரிபாக்கக் குடுக்கோணுமுங்க சார், வாங்கி ஆறு வருஷமாச்சு" என்றார். இத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்ததில் இதைவிட நல்ல விடையை நான் திருத்தியதில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).