தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்

அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பெருநகரங்களில் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்கு போடுவார்கள். அந்த வெளிச்சம் காலனித் தெருவரை வருவதில்லை.

நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் நம் பெண்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்ட பதில் இது: "கட்டி இருக்குக்கா, ஆனா வலிக்கல. அதான் விட்டுட்டேன்." தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் இந்நோயின் சூது. வலிக்காத கட்டி, அக்குளில் நெறி கட்டுதல், ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழும் சருமம், புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, ஆறாத புண். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

முதல் சோதனைக்கு இயந்திரம்கூட வேண்டாம், பயிற்சி பெற்ற கை போதும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், ஏழை எளிய குடியிருப்புகளின் பெண்களைச் சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைக் கடந்த பெண்களில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

தொட்டுப் பார்ப்பதுதான் சோதனை என்றால், தொடத் தயங்கும் கை இருக்கும் ஊரில் என்ன நடக்கும்? தெருமுனையில் நின்றபடி "ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாச் செவிலியரும் அப்படியல்ல. வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் யார் வருகிறார் என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் உயிர் இருக்கலாமா?

30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டத்திலேயே உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடைக்கும். ஆனாலும் ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. இதைக் கணக்கில் எடுக்காமல் "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் பேசுவது எளிது.

ஆண்களுக்கும் இது வரும். நூறு நோயாளிகளில் ஒருவர் ஆண். பெரும்பாலும் காம்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படும். வெற்றுடம்போடு மூட்டை தூக்குகிற அண்ணன்மார் அதைக் கொழுப்புக்கட்டி என்றே நினைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்நோய் வந்திருந்தால், வீட்டு ஆண்களும் கவனமாயிருக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் நாம் கேட்க வேண்டியது இதுதான்: காலனிச் சமுதாயக் கூடத்தில், வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில், பெண் செவிலியரைக் கொண்டு, திரை கட்டிய மறைவிடத்தில் மார்பகப் பரிசோதனை முகாம். கட்டி தெரிந்தவரை மேல்சிகிச்சைக்கு அழைத்துப் போக ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் காற்றில் போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.