பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்

ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு உங்கள் பெயர் எக்ஸ்எம்எல் கோப்பாகப் போகிறது. கிளம்பும்போது தமிழ், சேரும்போது சிதைவு. சிதைவு இரண்டு வகை. எதுவென்று பார்க்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், தமிழுக்கு இடமில்லாத குறிமுறைக்கு எங்கோ மாற்றியிருக்கிறார்கள். கோப்பில் மட்டும் அப்படியென்றால் பிழைத்தோம். தரவுத்தளத்திலேயே அப்படிப் பதிந்திருந்தால் போனது போனதுதான். பழைய காப்புப் பிரதியோ காகிதப் படிவமோதான் கதி.

சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்திலேயே வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று கிறுக்கலாக வந்தால் நம்பிக்கை உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதை விண்டோஸ்-1252 என்ற குறிமுறை அட்டவணைப்படி தப்பாகப் படித்ததன் விளைவு இது. திருப்பிப் படித்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட்டுக்கு அந்த அட்டவணையில் எழுத்தே கிடையாது. சில மென்பொருள்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். ‘முருகன்’ என்பதன் 7 குறியீடுகளில் 3 இந்த ரகம். கிறுக்கலை அப்படியே மறுபடி சேமித்தால் முருகனை முழுசாக மீட்பது சந்தேகம். (பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பதிவுகள் தனிக் கதை, கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள்.)

தொழில்நுட்பப் பிரிவினர் தரவுத்தள அட்டவணை, தரவுத்தள இணைப்பு, கோப்பு எழுதும் நிரல், எக்ஸ்எம்எல்லின் முதல் வரி என்று இதே வரிசையில் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்றால் இணைப்பிலும் யுடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறை இருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. முதல் வரியில் யுடிஎஃப்-8 என்றிருந்து உள்ளே வேறு பைட்டுகள் இருந்தால் கோப்பைப் படிக்கும் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். அதன் வாயை அடைக்க அந்த வரியில் ஐஎஸ்ஓ-8859-1 என்று மாற்றி ஒப்பேற்றுகிறார்கள். அதைவிடக் கெடுதல் இல்லை. அப்புறம் பிழையே வராது, குப்பை மட்டும் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

பாதிக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 8-ஆம் பிரிவில், இன்னொரு நிறுவனத்துக்குத் தரப்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருப்பதை அனுப்புபவரின் பொறுப்பாக்குகிறது. திருத்தம் கோரும் உரிமை 12-ஆம் பிரிவில். சட்டம் கட்டம் கட்டமாகவே அமலுக்கு வருகிறது என்றாலும், எழுத்துமூலம் மனு கொடுக்க அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சிதைந்த பதிவின் நகலை முதலில் எடுத்து வையுங்கள். பெற்றவரிடம் மட்டும் திருத்தச் சொன்னால் அடுத்த கோப்பு வரும்போது பழையபடி ஆகிவிடும். அனுப்பியவருக்கும் மனு போக வேண்டும்.